மஞ்சள் களிக்குக் கீழே இரண்டடி

வளர்மதி மேடம் இறந்த செய்தி நம் ஆலைக்கு வருவதற்கு முன்பே பூவாயிவலசைக்குப் போய்விட்டது. அந்த ஊர் விவசாயி கருப்பையாதான் காலையில் எனக்குப் போன் செய்தார். "மேடம் போயிட்டாக சார். மாரடைப்பாம். அவுக மக பேசுச்சு" என்றார். பரமக்குடி வீட்டில் காப்பியைக் கையில் வாங்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கைப்பேசியில் அவர் கடைசியாகப் பேசியிருந்த எண் கருப்பையாவுடையது என்பதால், மகள் முதலில் அவருக்குத்தான் சொல்லியிருக்கிறாள். முந்தின நாள் மாலை மேடம் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். ஊருணித் தண்ணீர் கரிப்புக்கு மாறிவிட்டதா என்று.

நம் ஆலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய இரங்கல் குறிப்பை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். சமூகப் பொறுப்புத் திட்டங்களைப் பல ஆண்டுகள் நடத்தியவர், கனிவே உருவானவர் என்று போட்டிருந்தது. அதை எழுதியவர் அவரிடம் ஒருநாளும் வேலை பார்த்திருக்க மாட்டார். மேடத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் அவரிடம் ஒன்பது வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்தப் பலகைக்கு முன்னால் நின்று ஒருவர், "நல்ல மனுஷி. அந்த ஊருணி விஷயத்துல மட்டும் சறுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தப் பேச்சுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பள்ளிக்கு நாம் பெஞ்சுகள் கொடுத்தபோது, ஒவ்வொன்றின் முதுகிலும் ஆலையின் பெயரைப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். "பிள்ளைக சாயுற இடத்துல நம்ம பேரு எதுக்கு? நாம கொடுத்தது அதுக உட்காரத்தானே?" என்று மேடம் ஒரே போடாகப் போட்டார். பெஞ்சுகள் பெயரில்லாமல்தான் போயின. மேலிடத்தில் அவருக்கு நல்ல பெயர் இல்லாமல் போனதும் அன்றிலிருந்துதான்.

பூவாயிவலசையிலிருந்து அறுபது பெண்கள் வேனில் வந்து நம் ஆலையில் இறால் உரிக்கிறார்கள். அந்த ஊருக்குக் குடிதண்ணீர் என்றால் ஊருணி ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பினால் ஆடி வரைக்கும் தாங்கும். செருப்புக் காலோடு யாரும் அதன் கரை ஏற மாட்டார்கள். அது தூர்ந்துபோனது என்று ஊரார் கேட்டதால் தூர்வார எடுத்துக்கொண்டோம். வரைபடத்தில் ஆழம் எட்டடி என்று இருந்தது.

ஆறாவது அடியில் மஞ்சள் களிமண் தெரிந்தது. கருப்பையா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே இறங்கி வந்தார். "இதோட நிப்பாட்டிருங்க சார். இந்தக் களிதான் தண்ணியத் தாங்குது. இதுக்குக் கீழ போனா உவரு ஏறிரும்" என்றார். அன்று மேடம் ஊரில் இல்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுவாரம் முதலாளி திறப்பு விழாவுக்கு வருவதாக இருந்தார். வரைபடத்தில் எட்டடி இருக்கும்போது ஆறடியில் நிறுத்தினால் கேள்வி வருமே என்று பயந்தேன். பொக்லைன் டிரைவரிடம், "இன்னும் ரெண்டடி எடு" என்றேன்.

ஆம், சொன்னது நான். இத்தனை வருடம் நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதுபோல வளர்மதி மேடம் அல்ல.

விழா நடந்தது. மழை வந்து ஊருணி நிரம்பியது; அதன் படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. மாசி பிறந்ததும் தண்ணீர் கரித்தது. பங்குனியில் மாடுகூட வாய் வைக்கவில்லை. ஊர்க்கூட்டத்துக்கு மேடத்தையும் என்னையும் அழைத்தார்கள். "தோண்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் மேடம் எழுந்து, "நான்தான் சொன்னேன். தப்பு எங்களோடது. சரியாகிற வரைக்கும் எங்க லாரியில தண்ணி வரும்" என்றார். கருப்பையா தலையைக் குனிந்துகொண்டார். முத்துலட்சுமி என்கிற பெண் மட்டும் எழுந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். மேடம் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது ஜீப்பில் நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "உங்களைக் காப்பாத்தன்னு நினைச்சிராதீங்க ராஜேந்திரன். உங்க பேரைச் சொன்னா, உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு ஆலை கையைக் கழுவிரும். பொறுப்பாளர் நான் சொன்னா, அது ஆலை சொன்னதா ஆகும். பொறுப்பு அங்கதான் நிக்கணும்" என்றார்.

தண்ணீர் லாரியை எத்தனை நாளைக்கு அனுப்புவது என்று ஆலை மேலாளர் கேட்டார். "உதவின்னா நாள் கணக்குக் கேக்கலாம் சார். இது நாம கெடுத்தது. அந்தப் பொம்பளைக குடத்தோட நிக்கிற நேரம்தான் நம்ம ஷிப்டுல குறையுது. அவுக ஊரு நல்லா இருந்தாத்தான் நம்ம ஆலை ஓடும்" என்றார் மேடம். லாரி ஓடியது. வேறு கண்மாயிலிருந்து களிமண் கொண்டுவந்து, ஊராரோடு சேர்ந்து ஊருணியின் அடியில் கொட்டி மிதித்து இறுக்கினோம். ஒவ்வொரு மாசியிலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்ப்பார். பிறகு ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதுவார்: "பூவாயிவலசை ஊருணி நீர் இந்த ஆண்டும் குடிக்கத் தகுந்ததாக இல்லை." அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி ஒவ்வொரு வருடமும் சண்டை நடக்கும். வரி நின்றது. அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வுதான் வரவில்லை. எனக்கு வந்தது. வாங்கிக்கொண்டேன்.

சாவுக்கு ஊரே வேன் பிடித்து வந்திருந்தது. முத்துலட்சுமி என் பக்கத்தில் நின்று, "ஊருணியக் கெடுத்தவுகன்னு எம்புட்டு வஞ்சிருக்கேன். ஒத்த வார்த்த திருப்பிச் சொன்னதில்ல" என்று தேம்பினாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் கேவலமாக நான் என் வாழ்நாளில் நின்றதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பூவாயிவலசைக்குப் போய்க் கருப்பையாவிடம், ஊரில் எல்லோருக்கும் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லுங்க. அன்னைக்கு மிசினுகிட்ட நின்டது நீங்கன்னு எனக்குத் தெரியாதா? அவுகளே முன்னாடி வந்து ஏத்துக்கிட்ட பெறகு நான் என்னத்தச் சொல்ல" என்றார். ஊருணியைப் பார்த்துக்கொண்டே, "அவுக போறதுக்கு மொத நா சாயங்காலம் போன்ல கேட்டாகள்ல, இன்னும் மாறல, நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன். அப்ப இந்த வருசம் பொழச்சுக்கிரும்போல கருப்பையான்னு சிரிச்சாக" என்றார்.

இருவரும் ஊருணிக் கரையில் நின்றிருந்தோம். அவர் என் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தேன்.

மேடத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு வேலையைத்தான். இந்த ஆண்டறிக்கையை எழுதப்போவது நான். அந்த வரி அதில் இருக்கும். தோண்டச் சொன்னவன் பெயரும் அதற்குக் கீழே இருக்கும்.

தண்ணீர் கரித்தது.