தெற்கே தலை வைத்த கூடாரம்

"பிங்கள வருடம், ஆடி, சனிக்கிழமை. எந்த வீட்டிலும் எதுவும் இல்லை."

1977ஆம் ஆண்டின் தினசரி நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் நான் எழுதிவைத்த குறிப்பு இது. கல்யாணம் இல்லை, பரீட்சை இல்லை, பௌர்ணமி இல்லை, ரம்ஜான் நோன்பு இன்னும் பிறக்கவில்லை என்பதுதான் அந்த "எதுவும் இல்லை". அப்படி ஒரு சனிக்கிழமையைத் தேடி, தை தொடங்கி மாதம் மாதமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஆடியில் கிடைத்தது.

அப்போது நான் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியை. சாரணியர் குழுவும் என் பொறுப்பு. ஆண்கள் பள்ளிச் சாரணர்கள் வருடந்தோறும் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவார்கள். எங்கள் பெண்கள் முடிச்சு போடப் பழகுவார்கள். பிறகு அதை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். முகாம்களைப் பற்றிக் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்துவிட்டு, ஒரே ஒரு இரவு வெளியே தங்க அனுமதி கேட்டேன்.

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பொண்ணுங்களை நீ கூட்டிட்டுப் போவ. சாயங்காலம் காத்து கொஞ்சம் அடிச்சா, அதுங்க அழுதுட்டுக் கடைசி பஸ்ல வந்து எறங்கும். அப்புறம் ஊர் பூரா என்னைத்தான் கேக்கும்."

"வராதுங்க மேடம்."

"ஒரு பொண்ணு அந்த பஸ்ல வந்தாலும் சரி, நான் இங்க இருக்கிற வரைக்கும் கூடாரம்ன்ற பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்வது?

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "கூடாரத்துலயா? சர்க்கஸ்காரங்கதான் டீச்சர் அதுல படுப்பாங்க" என்றார் ஒரு தாய். "நமக்கு வீடு இல்லையா இன்னா?" என்று இன்னொருவர் கேட்டார். ஆனாலும் பன்னிரண்டு பெண்கள் தேறினார்கள். அவர்களில் ஒருத்தியின் அப்பா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் லாரித் தார்ப்பாய் தைக்கும் முஸ்லிம் பாய். பழைய தார்ப்பாய்களை ஒட்டுப்போட்டு இரண்டு கூடாரங்களாக அவரே தைத்துக் கொடுத்தார்.

"லாரிக்கு மூடறதைப் புள்ளைங்களுக்கு மூடக் கூடாதா டீச்சரம்மா? ஓட்டை கம்மி, ஒட்டு ஜாஸ்தி. தைரியமாப் போங்க."

மூங்கில்களும் கிணற்றுக் கயிறும் மாடு கட்டும் முளைகளும் அவரவர் வீட்டிலிருந்து வந்தன. இடம், செங்கம் சாலையில் ஊருக்கு மேற்கே ஒரு தரிசு நிலம். மாணவி ஒருத்தியின் மாமாவுடையது. பக்கத்தில் பம்புசெட்டு, எதிரே பஸ் நிற்கும் புளியமரம். துணைக்குப் பள்ளி ஆயா.

சனிக்கிழமை மதியம் கூடாரம் போடத் தொடங்கியதுமே கேள்வி எழுந்தது: கால் எந்தப் பக்கம்? மலை எங்களுக்குக் கிழக்கே, வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மலையைப் பார்த்துக் கால் நீட்டி எங்கள் ஊரில் யாரும் படுப்பதில்லை. எனவே தலை கிழக்கே, கால் மேற்கே என்று முடிவாயிற்று. தலைமாட்டில் மிதித்துக்கொண்டு நுழையக் கூடாது என்பதால் வாசல் கால்மாட்டில், அதாவது மேற்கே வைக்கப்பட்டது. தார்ப்பாய்க்காரரின் மகள் மட்டும் ஒன்றும் பேசாமல் முளை அடித்துக்கொண்டிருந்தாள். நானும் அவளைக் கேட்கவில்லை.

நாட்காட்டித் தாளில் எல்லாம் இருந்தது, காற்று இல்லை. ஆடி மாதத்து மேல்காற்று வெயில் தாழ்ந்ததும் புறப்பட்டு, மேற்கே வாய் திறந்திருந்த இரண்டு கூடாரங்களுக்குள்ளும் நேராக நுழைந்தது. முதல் கூடாரம் உப்பி, முளைகளைப் பிடுங்கிக்கொண்டு புரண்டது. இரண்டாவதன் கயிறுகளில் பெண்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சிலர் சிரித்தார்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அழுதாள். அழுதுகொண்டே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு புளியமரத்தடியில் போய் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து வந்த பஸ்ஸில் நான்கு தாய்மார்கள் இறங்கினார்கள். கையில் தூக்குவாளிகள். "சும்மா பார்த்துட்டு, கடைசி பஸ்ல போயிடலாம்னு வந்தோம் டீச்சர்" என்றார் முதலில் வந்தவர். அவர்தான் அந்தச் சிறுமியின் அம்மா. சர்க்கஸ் என்று சொன்னவரும் அவரே. விழுந்து கிடந்த கூடாரத்தைப் பார்த்தார். "சர்க்கஸ் முடிஞ்சுதா?"

தார்ப்பாய்க்காரரின் மனைவி வேறொன்றைக் கவனித்திருந்தார். விரித்திருந்த பாய்களைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: "மேக்கால கால் நீட்டியா படுக்கப் போற? நாம தொழுவுற கிப்லா பக்கமா?"

"எல்லாரும் மலைக்குக் கால் நீட்டக் கூடாதுன்னாங்கம்மா. நான் உக்காந்துக்கலாம்னு இருந்தேன்."

"ராத்திரி பூரா உக்காந்தா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?"

"அதுக்கு மலைக்கா கால் நீட்டறது?" என்றார் சிறுமியின் அம்மா.

"யாரு நீட்டச் சொன்னாங்க? எங்களுக்கு மட்டும் மலை இல்லையா? வடக்கே தலை வச்சிப் படுக்கட்டும்."

"ஐயையோ, வடக்காலயா! நாங்க பொணத்தைத்தான் அப்டிப் படுக்க வைப்போம்."

ஆயா, "மிச்சம் ஒரே பக்கம்தான் கீது. தெக்கால தலை வைங்க" என்றார்.

இரண்டு தாய்மார்களுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. அப்படியானால் கூடாரத்தைத் தெற்கு வடக்காகத் திருப்ப வேண்டும். வாசல் வடக்கே வரும். சரிவான முதுகு மேற்கே இருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் படித்த அத்தனை புத்தகங்களும் சொன்னது இதைத்தான்: காற்றுக்கு முதுகைக் காட்டு.

"திருப்புங்க! எல்லாரும் புடிங்க!" என்று கத்தினேன்.

நான்கு தாய்மார்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்கள். முதல் கூடாரம் எழுந்தது. காற்று அதன் முதுகில் ஏறி மறுபக்கம் வழிந்துபோனது, மூங்கில் அசையவில்லை. இரண்டாவதைத் தூக்கும்போது செங்கத்திலிருந்து வந்த கடைசி பஸ் புளியமரத்தடியில் நின்றது.

"கடைசி வண்டி! ஏறுறவங்க ஏறுங்க!" கண்டக்டர் படியில் நின்று விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

சிறுமி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அம்மாவின் சத்தம் வந்தது.

"ஏய்! அந்தப் பையைக் கடாசிட்டு வந்து இந்தக் கயித்தைப் புடிடி! என் கை அறுந்து போவுது!"

சிறுமி பையைப் போட்டாள். ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். விசில் ஒலித்தது, பஸ் போய்விட்டது.

முளையை அடித்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் தாய்மார்களுக்கு நினைவு வந்தது. "அய்ய, நம்ம பஸ்ஸு!" என்றார் தார்ப்பாய்க்காரரின் மனைவி. "போனா போவுது. சர்க்கஸ்ல சேந்துட்டோம்" என்றார் சிறுமியின் அம்மா. நாங்கள் சிரித்த சிரிப்பில் பம்புசெட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். செய்தியை அவரே சைக்கிளில் போய் ஊரில் சொல்லிவிட்டு வந்தார்.

பதினெட்டு பேர் இரண்டு கூடாரங்களில் தெற்கே தலை வைத்துப் படுத்தோம். விடிந்ததும் வடக்கு வாசலில் குனிந்து வெளியே வந்து வலப்பக்கம் திரும்பினால் மலை. அந்தச் சிறுமி எல்லோருக்கும் முன்னால் எழுந்து, முளைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் ஆடவில்லை.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை எதுவும் கேட்கவில்லை. அடுத்த வருடம் பள்ளி திறந்த வாரத்திலேயே கூப்பிட்டு, "இந்த வருஷம் எந்தத் தேதி?" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை ஒரு வருடமும் நிற்கவில்லை. அதற்குப் பிறகும், எண்பதுகளின் நடுவில் நான் மாற்றலாகிப் போகும்வரை நடந்தது. ஒவ்வொரு முறையும் ஆடியில், ஒவ்வொரு முறையும் தெற்கே தலை.

ஒன்று பாக்கி. அன்றைய கடைசி பஸ்ஸில், முன் ஜன்னலோரம், மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததாக ஆயா சாதிப்பார். தலைமை ஆசிரியையின் தங்கை வீடு செங்கத்தில் இருந்தது உண்மை. அன்று அவர் அங்கே போயிருந்தாரா என்பதை அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை; வேறு யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்த முடியவில்லை. ஆயாவின் வாய்மொழி தவிர இதற்கு ஆதாரம் இல்லை.