முதல் காம்பராவோடு நின்ற பெருக்கல்

ஹட்டன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அட்சரகணிதம் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் என் கொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"வெளியில 3x. அடைப்புக்குள்ள 2x + 5. நீ 6x² + 5 எண்டு எழுதியிருக்கிறாய். அந்த அஞ்சு உனக்கு என்ன பாவம் செய்தது?"

வீட்டுக்குத் தந்த கணக்குகளில் நாளைக்கு ஒன்று பிழைத்தாலும் கீழ்வகுப்பு என்றார். கீழ்வகுப்பில் என் தம்பி இருந்தான். அவனோடு ஒரே வாங்கில் உட்காருவதைவிட, மண்வெட்டியோடு தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பது கௌரவம் என்று எனக்குப் பட்டது.

என் பிழைக்கு நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயம்தான் காரணம். வரிசையாக ஒட்டிய காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம்; நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் "நூறு" என்பார்கள். அப்படி வளர்ந்தவனுக்கு, முதல் ஆளிடம் சொன்னது அடுத்த ஆளுக்குக் கேட்காது என்று எப்படித் தோன்றும்?

அன்று சாயங்காலம் உட்காரவே முடியவில்லை. பென்சிலைச் சீவினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி சீவினேன். பென்சில்தான் குறைந்தது, கணக்குகள் குறையவில்லை. அக்கா கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைக்கப் போயிருந்த அப்பா, போன சுருக்கில் திரும்பி வந்தார்.

"அதுக்குள்ளயா?" என்றாள் அம்மா.

"மொதக் காம்பராவுல வச்சேன். சத்தமாத்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டிருக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டக்காவின் குரல் வந்தது: "கேட்டுச்சுண்ணே. காதுக்கு வந்துச்சு, வாசலுக்குத்தான் வரல."

அம்மா வெற்றிலைத் தட்டைத் திரும்ப அப்பா கையில் திணித்தாள். "ஒவ்வொரு வாசலா போய் நில்லுங்க. கடைசிக் காம்பராவையும் விட்றாதீங்க."

"அவனோட நமக்குப் பேச்சே இல்லையே!"

"அதுக்குத்தான் போகச் சொல்றேன்."

நான் அழிறப்பரைத் தேடினேன். 3x, ஐந்தின் வாசலுக்கும் போய் நின்றது, 15x வந்தது. மற்றவையும் மளமளவென்று விழுந்தன. கடைசிக் கணக்கில் மாட்டிக்கொண்டேன்: −2x(3x − 4). மறை, அதாவது கழித்தல் குறி, போய் இன்னொரு மறையின் வாசலில் நிற்கிறது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கடைசிக் காம்பராவிலிருந்து அப்பாவின் சத்தம், அதைவிடப் பெரிய இன்னொரு சத்தம், தட்டு உருளும் ஓசை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? −8x என்று எழுதிக் கொப்பியை மூடினேன்.

மறுநாள் வாத்தியார் அங்கேயே விரலை வைத்தார். "மறையும் மறையும் பெருகினால் நேரெல்லோ, கூட்டல் குறியெல்லோ?"

"எங்க லயத்துல அப்படி ஆகல சார்."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரி, கலியாணம் முடியட்டும். அந்தச் சனம் வந்ததோ எண்டு வந்து சொல்லு. வராட்டி உன்ர விடை அப்பிடியே கிடக்கட்டும். வந்தால் நீயே திருத்திக்கொண்டு வா. திருத்தினால் இந்த வகுப்பிலேயே இரு."

"வராட்டி, சார்?"

"கணக்கை நம்பாத ஆளுக்குக் கீழ்வகுப்புத்தான்."

கல்யாணத்தன்று மாப்பிள்ளையை யார் பார்த்தார்கள்? நான் கடைசிக் காம்பராவின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டியாயிற்று, கதவு அசையவில்லை. லயத்து முற்றத்துப் பந்தலில் இலை போட்டார்கள். அப்போதுதான் அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து, முதல் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பரிமாறிக்கொண்டிருந்த அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"சாம்பாருக்கு உப்புப் பத்தல."

அப்பா உப்பெடுக்க ஓடினார். நான் கொப்பியெடுக்க ஓடினேன். 8x-க்கு முன்னால் படுத்திருந்த கோட்டின் மேல் நெட்டுக்குத்தாக இன்னொரு கோடு போட்டேன்.