யாருக்கு யார் பக்கத்து ஊர்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குக் காது குத்தினோம். ராஜபாளையத்தில், எங்கள் குலதெய்வக் கோயிலில். ஆசாரி ஊசியோடு ரெடி. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பாப்பாவும் ரெடி. தாய்மாமன் மடியைத்தான் காணோம்!

மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பக்கம் காது குத்துவதில்லை. என் மச்சான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், பள்ளி ஆசிரியர். “அந்த சுப்புராஜ் நிக்கிற எடத்துல என் கால் படாது மாப்பிள்ள” என்று முந்தின வாரமே சொல்லிவிட்டார்.

சொத்துத் தகராறா? இல்லை... கலைக்களஞ்சியம்!

எங்கள் வாசகர் வட்டம் ‘நம்ம பக்கத்துக் களஞ்சியம்’ என்று ஒன்று தொகுப்பதைப் பற்றி உங்களிடம் முன்பே பீற்றியிருக்கிறேன். சம்பளம் கிடையாது, பதிப்பாசிரியர் கிடையாது. வாசகசாலையில் ஒரு பெரிய ஃபைல் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். தப்பென்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம். எவ்வளவு ஜனநாயகம், பாருங்கள்!

ஆலங்குளம் சுண்ணாம்புக்கல், கான்சாபுரம் விவசாயம் என்று நன்றாகத்தான் போனது. அப்புறம் மில் சூப்பர்வைசர் சுப்புராஜ் எழுதினார்: ‘ஸ்ரீவில்லிபுத்தூர் - ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர்.’ மறுநாளே மச்சான் அதை அடித்துவிட்டு, ராஜபாளையம் தாளைப் புரட்டி எழுதினார்: ‘ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் உள்ள ஊர்.’

அடித்தல், அடித்ததை அடித்தல்... தாள் கிழிந்தது.

“ஆண்டாள் பொறந்த ஊருவே! அதுக்கு ஒங்க ஊரு அடையாளமா?” என்றார் மச்சான்.

“கோயில் இருந்தாப் போதுமா? மில்லு வேலைக்கு எங்க வாரீய?” என்றார் சுப்புராஜ்.

கையெழுத்துப் போடாமல் அடிக்கக் கூடாது என்று விதி போட்டோம். கையெழுத்துப் போட்டு அடித்தார்கள். நடுவர் குழு வைத்தோம். குழுவில் எந்த ஊர்க்காரர் அதிகம் என்று அடுத்த சண்டை. கடைசியில் நான் ஃபைலை பீரோவில் வைத்துப் பூட்டினேன். சர்வாதிகாரி என்று இருவரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

என் மனைவிக்குக் களஞ்சியமாவது, கத்தரிக்காயாவது! “ஒரு வார்த்தைக்காக எம்பிள்ளைக்கு மாமன் மடி இல்லாமப் போகணுமா?” என்று கண் கலங்கினாள். சுப்புராஜை வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? அடுத்த வீட்டுக்காரர். பந்தல் போட்டதிலிருந்து பந்தி பரிமாறுவது வரை ஓடியாடுகிறவர் அவர்தான்.

நல்ல நேரம் முடியப் போகிற சமயம்... சீர்த்தட்டும் பால்கோவாப் பெட்டியுமாக மச்சான்!

“எங்க சண்டைக்குப் பாப்பா காது என்ன பாவம் பண்ணுச்சு?” என்றபடி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாப்பா அலறிய அலறல் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. அப்பாடா!

நிம்மதி பந்தி வரைதான். பம்பாயிலேயே வளர்ந்த உறவுக்காரர் ஒருவர் மச்சானிடம் கேட்டார். “ஸ்ரீவில்லிபுத்தூரா... அது எங்கே இருக்கு?”

“இந்தா, ராசபாளையத்துக்குப் பக்கத்துலதான்.”

சொன்ன பிறகுதான் மச்சானுக்கு உறைத்தது. எதிரே சாம்பார் வாளியோடு சுப்புராஜ்! முகமெல்லாம் பல். வாயைத் திறந்தார்...

என் மனைவி பாய்ந்து போய், திறந்த வாயில் ஒரு கை பால்கோவாவைத் திணித்துவிட்டாள்.

விழுங்கவும் முடியாமல், பேசவும் முடியாமல் சுப்புராஜ் திருதிருவென்று விழித்தார். முதலில் சிரித்தது மச்சான்தான்.

“மெதுவாத் தின்னும்வே... ஒம்ம பக்கத்து ஊரு சரக்குதான்!”

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. மறுநாளே பீரோவைத் திறந்துவிட்டேன். ‘இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்’ என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

களஞ்சியத்துக்குப் புதிதாக ஒரே ஒரு விதி சேர்த்திருக்கிறேன்: வாதாட வருகிறவர்கள் வாயில் பால்கோவாவோடு வரவும்!