ஓடைப்புல்

மாட்டு ஈரலின் பித்தக்குழாயை நீளவாக்கில் கீறியபோது கத்தி நறநறத்தது. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தது. ஈரல்காரர் கட்டைவிரலால் அழுத்தினார். பழுப்பு நிறத்தில், சின்னஞ்சிறு இலைகளைப் போல, புழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று இன்னும் சுருண்டு விரிந்தது.

"எத்தனைண்ணே?" என்றான் தோலுரிப்பவன்.

"எண்ண முடியாதுடா. குடும்பத்தோட குடியிருக்கு."

"வாடகை கேட்டுப் பாருங்க."

ஈரலின்மேல் நீல மையை ஊற்றினார். இனி அதை யாரும் விற்க முடியாது. அறுப்புக்கூடத்தில் அவருக்குப் பெயரே ஈரல்காரர்தான். பதினேழு வருஷமாக ஈரலைக் கீறிப் பார்த்து, நல்லதை அனுப்பி, கெட்டதைக் கழிக்கிற வேலை.

காதிலிருக்கும் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதற்காகப் பக்கத்துக் கொக்கியில் தொங்கிய அதே மாட்டின் தலையைப் பார்த்தார். இடது கொம்பு கண்ணை நோக்கி வளைந்திருந்தது. அக்கா வீட்டுப் பசு. பால் வற்றிவிட்டதென்று போன வாரம் வியாபாரியிடம் தள்ளிவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

தாடைக்கடியில் நீர் கோத்திருந்தது; ஈரல்புழுவின் அடையாளம். அந்த வீக்கத்தை அவர் உயிரோடு பார்த்திருக்கிறார். "தம்பி போடுற புல்லு, தாடை எப்படித் தொங்குது பாரு" என்று, மாடு கொழுத்துவிட்டதாக நினைத்து அக்கா பெருமைப்பட்டபோது அவரும் சேர்ந்து சிரித்தார். மாட்டை உள்ளே பார்த்தே பழகியவருக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

புல்.

கத்தியை வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனார். அறுப்புக்கு நிற்கும் மாடுகளின் கொட்டடியைக் கழுவிய தண்ணீர், சாணத்தோடு அங்கேதான் ஓடையில் விழுகிறது. வருஷம் முழுக்க ஈரம். கோடையிலும் இடுப்பளவு பச்சை. இரண்டு வருஷமாக, வேலை முடிந்ததும் அங்கே ஒரு கட்டு அறுத்து, சைக்கிளில் ஏற்றி, அக்கா வீட்டில் இறக்கிவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

ஒரு தண்டைப் பிடுங்கினார். அடியில் மிளகளவு நத்தைகள். புழு போகும் வழி: சாணத்திலிருந்து தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து நத்தைக்கு, நத்தையிலிருந்து புல்லுக்கு, புல்லிலிருந்து ஈரலுக்கு. பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் வட்டமாகப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த வட்டத்தில் சைக்கிள் இல்லை.

அக்காவிடம் இன்னும் மூன்று மாடுகள். ஒன்று சினை. மாமா போனபிறகு அந்த வீட்டுக்கு அவைதான் கை கால். புழு என்று சொல்லிவிட்டால் வைத்தியம் பார்த்துவிடலாம்; புல் என்று சொல்ல வேண்டுமா? பழியைப் போட ஒரு குளத்தைத் தேடிக்கொண்டே வழிநெடுக மிதித்தார்.

சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்து அக்கா கேட்டாள்: "என்னடா, இன்னிக்குக் கைய வீசிட்டு வர்ற?"

"நீ வித்த மாடு எங்கிட்டதான்க்கா வந்துச்சு. ஈரல் முழுக்கப் புழு."

"அய்யோ. எங்க போய் மேஞ்சிருக்கும்? நான் கயித்தவே அவுக்கலியே."

தேடி வைத்திருந்த குளம் அதோடு வற்றியது.

"எங்கயும் மேயலக்கா. நான் கொண்டு வந்த புல்லுதான். தாடையில தொங்கினது கொழுப்பில்ல, நீரு."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். சினை மாட்டின் தாடையை அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"ஊரு மாட்டு ஈரலெல்லாம் பாக்கறவன்," என்றாள், "நம்ம மாட்டு மூஞ்சியப் பாக்கலியேடா."

"பாத்தேன்க்கா. பாத்துச் சிரிச்சேன்."

மறுநாள் காலை மாட்டு டாக்டர் வந்து மூன்றுக்கும் மருந்து ஊற்றினார். சினை மாட்டைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார். எந்தத் தேதிவரை பாலை விற்கக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தொழுவத்தில் மிச்சமிருந்த புல்லை ஈரல்காரர் அள்ளிப்போட்டுக் கொளுத்தினார். ஈரமாக இருந்ததால் நேரமெடுத்தது. அக்கா வைக்கோல் விசாரிக்கப் போயிருந்தாள். அவர் கிளம்பும்வரை திரும்பவில்லை. அறுப்புக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். அன்று பதினொரு ஈரல். நான்கைக் கழித்தார்.