பெட்டி மட்டும்தான் விற்பனைக்கு

எங்கள் தெருவில் இருப்பவர்களின் முகம் அவரவரைவிட என் சித்திக்கு நன்றாகத் தெரியும். யாருக்கு எந்தப் புருவம் மேலே ஏறும், யார் சிரித்தால் ஒரு கண் சுருங்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

சித்தி பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிறவள். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. சுவரில் வெள்ளைத் துணி, முதுகில்லாத ஸ்டூல், கால் வைத்த இரண்டு விளக்குகள், ஒரு கண்ணாடி. கண்ணாடியோடு சீப்பைக் கயிற்றில் கட்டி வைத்திருப்பாள். ஏன் என்று கேட்டால், "மூஞ்சியை விட்டுட்டுப் போறாங்க, சீப்பை எடுத்துட்டுப் போயிடறாங்க" என்பாள். விறைப்பாக உட்காருகிறவர்களிடம், "போட்டோதான் எடுக்கறேன், ஊசி போடல. தோளை இறக்குங்க சார்" என்று அதட்டுவாள். அவர்கள் சிரித்து முடித்த அடுத்த நொடியில் கிளிக் ஆகியிருக்கும்.

அந்த ஒரு நல்ல படத்துக்கு முன்னால் பத்துப் பதினைந்து கெட்ட படங்கள் விழும். கண் மூடியது, தும்மியது, வெயிலில் ஓடிவந்து முகமெல்லாம் வழிந்தது. எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கும். யாராவது சங்கடப்பட்டால் சித்தி சொல்லும் வாக்கு ஒன்றுதான்: "உங்க மூஞ்சி இந்த ரூமைத் தாண்டாது."

அதை அவள் சும்மா சொல்வதில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவுக்கு ஒரு கூத்து நடந்தது. தெருமுனையில் போட்டோவுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரரை எல்லோரும் ஃப்ரேம் அண்ணன் என்பார்கள். அவர், மூடிப்போன வேறொரு ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டரை வாங்கினார். அதில் நர்ஸ் அக்காவின் படம் இருந்திருக்கிறது. ஜோடி ஃப்ரேம் ஒன்றில் மாதிரிக்காக அக்காவின் படத்தை ஒரு பக்கமும், யாரோ ஒரு மீசைக்காரரின் படத்தை இன்னொரு பக்கமும் வைத்துக் கடை வாசலில் மாட்டிவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லோரும், "சொல்லாம கொள்ளாம கல்யாணமா?" என்று அக்காவைத் துளைத்து எடுத்தார்கள். அக்கா போய்க் கேட்டதற்கு, "நான் வாங்கின பெட்டியில இருந்தது, எனக்குச் சொந்தம்" என்றாராம். சித்தி போய் நின்று கத்திய பிறகுதான் படத்தைக் கழற்றினார்.

இப்போது சித்தியின் கம்ப்யூட்டரும் விற்பனைக்கு வந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் குறட்டை. ஃபேன் அப்படிச் சத்தம் போடும். புதிது வந்ததும், விளம்பரம் பார்த்து ஒரு பையன் போன் செய்தான். சித்தியும் தருவதாகச் சொல்லிவிட்டாள். மத்தியானம் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

பள்ளிப் படிப்பு முடிந்து, அடுத்தது என்ன என்று பிடிபடாமல் வீட்டில் கால் தரிக்காமல் அலைந்துகொண்டிருந்தவள் நான். "சித்தி, ரீசெட் போடறது எனக்குத் தண்ணி பட்ட பாடு. நீ போய் ஆளுங்களை கவனி" என்று உட்கார்ந்தேன். படங்களையெல்லாம் புதியதில் ஏற்றினேன். ரீசெட் கொடுத்தேன். குறட்டை அணைந்து எழுந்து, பிறந்த குழந்தை மாதிரி எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"முடிஞ்சுது!"

சித்தி வந்து எட்டிப் பார்த்தாள். மௌஸை என் கையிலிருந்து பிடுங்கி, அது கேட்டதற்கெல்லாம் ஒப்புக்குப் பதில் கொடுத்துவிட்டு, இரண்டு கிளிக் செய்தாள். 'டி' டிரைவ் திறந்தது. அத்தனை முகங்களும் உள்ளே அப்படியே இருந்தன. நான் சிஸ்டம் இருந்த 'சி' டிரைவை மட்டும்தான் அழித்திருக்கிறேன். சித்தி படங்கள் வைப்பதோ எப்போதும் 'டி'யில்.

"வாசலைக் கழுவிட்டு வீட்டையே கழுவிட்டேன்னு சொல்றியேடி!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 'டி'யை ஃபார்மட் செய்தேன். காலி. "இப்ப பாரு!"

சித்தி மேஜை டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். கேமரா கார்டில் படங்களைத் தெரியாமல் அழித்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு, அவற்றை மீட்டுக் கொடுப்பதும் அவள் தொழிலில் ஒரு பகுதி. அதற்கான மென்பொருள் அந்தப் பென் டிரைவில் இருந்தது. அதைக் காலி டிரைவின் மேல் ஓடவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். தும்மிய வாத்தியார் வந்தார். கண் மூடிய கண்டக்டர் வந்தார். இரவு வேலை முடிந்து தலை கலைந்து உட்கார்ந்திருந்த நர்ஸ் அக்காவும் வந்தாள்.

"ஃபார்மட் பண்ணினா பேர்ப்பலகையைத்தான் கழட்டுது. ஆளு உள்ளேயேதான் இருக்கான்" என்றாள் சித்தி.

அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி நின்றது. போனில் பேசிய பையன் இறங்கினான். அவன் பின்னால் இறங்கியவர் ஃப்ரேம் அண்ணன்.

சித்தியின் முகம் மாறியதைப் பார்த்தேன். பையன் அவர் கடையில் வேலை செய்கிறவனாம். அவரே கேட்டிருந்தால் சித்தி தந்திருக்க மாட்டாள்.

"வேற யாருக்காவது குடுத்துடு சித்தி" என்று காதில் சொன்னேன்.

"குடுக்கறேன்னு வாயால சொல்லிட்டேன். பேச்சு மாறினா நாளைக்கு எவன் என்னை நம்பி ஸ்டூல்ல உட்காருவான்?" என்று முணுமுணுத்துவிட்டு, "வாங்கண்ணே, உட்காருங்க. இன்னும் துடைச்சு முடியல" என்றாள்.

"எதுக்கும்மா சிரமம்? இருக்கறபடியே குடுங்க. பழசெல்லாம் கிடந்தா கிடக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்குவீங்கன்னுதாண்ணே பயமே!"

நான் இதற்குள் ரீசெட்டை மறுபடி திறந்து, முதல் தடவை படிக்காமல் தாண்டிப்போன வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லா டிரைவையும் என்று ஒரு தேர்வு இருந்தது. அதற்குக் கீழே, முழுவதுமாகச் சுத்தம் செய் என்று இன்னொன்று. ஏற்கெனவே இருப்பதன் மேல் வேறெதையோ எழுதி மூடிவிடுமாம். மணிக்கணக்கில் ஆகும் என்று எச்சரித்தது. சித்தியைப் பார்த்தேன். தலையாட்டினாள். அழுத்தினேன்.

குறட்டை உறும ஆரம்பித்தது. பையனைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஃப்ரேம் அண்ணன் மட்டும் காத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்தார், டீ குடித்துவிட்டு வந்தார். அதற்குள் சித்தி நாலைந்து பேருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டாள். கடைசியில் திரையில் எழுபது சதவீதம் என்று பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"போதும்மா! எழுபது ஆயிடுச்சு. பெரும்பாலும் போயிருக்கும். நிறுத்திக் குடுங்க, நான் கிளம்பறேன்."

"உடம்புல எழுபது சதவீதம் துணியைச் சுத்திக்கிட்டு நீங்க தெருவுக்கு வருவீங்களாண்ணே?"

பிரிண்ட் வாங்க நின்றிருந்த பஸ் டிரைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஃப்ரேம் அண்ணன் மறுபடி உட்கார்ந்தார்.

முடிந்ததும் சித்தி பென் டிரைவைச் செருகினாள். தேடும் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நகர்ந்தது. வாத்தியார் வரவில்லை. கண்டக்டர் வரவில்லை. நர்ஸ் அக்கா இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. கிடைத்த படங்கள்: பூஜ்யம்.

"இப்ப எடுத்துட்டுப் போங்கண்ணே. பெட்டி உங்களுது. மூஞ்சிங்க எங்களுது."

அவர் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் ஸ்டுடியோவில் நல்ல கூட்டம். நர்ஸ் அக்காவும் வரிசையில் இருந்தாள். ஃப்ரேம் அண்ணன் வேகமாக உள்ளே வந்தார்.

"என்னம்மா, இப்படிப் பண்ணிட்டீங்க? அதுல ஒண்ணுமே இல்லையே!"

"ஏண்ணே, ஓடலையா?"

"ஓடுது. நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் என்ன இல்லை?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். நர்ஸ் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சொல்லுங்கண்ணே, என்னத்தைத் தேடினீங்க? எனக்கு இன்னொரு மாப்பிள்ளையா?"

ஸ்டுடியோவே வெடித்துச் சிரித்தது. சித்தியின் சிரிப்புத்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. ஃப்ரேம் அண்ணன் காதுவரை சிவந்து, "இல்லைம்மா, சும்மா, ஓடுதான்னு பார்த்து..." என்று இழுத்துக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

அன்றைக்கு மீதி நேரமும் சித்திக்கு வேலை இரண்டாம்பட்சம்தான். வந்த ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. முதல் ஆளிடம் ஃப்ரேம் அண்ணன் தனியாகத் தேடினார். அடுத்தவரிடம் கடைப் பையனும் சேர்ந்துகொண்டான். ஸ்டுடியோவைச் சாத்தும் நேரத்தில், வெளியூரிலிருந்து கோட்டுப் போட்ட நிபுணர்கள் இரண்டு பேர் வந்து தேடியும் ஒரு மூக்குகூடக் கிடைக்கவில்லை என்று ஆகியிருந்தது. "அழிச்சது யாரு தெரியுமில்ல? எங்க அக்கா பொண்ணு!" என்று என் பக்கம் கை காட்டி முடிப்பாள்.

நான் திருத்தவில்லை. ஒரு மூக்குகூடக் கிடைக்கவில்லை என்பது மட்டும் உண்மைதானே.