பாவாடை நாடாவில் மாட்டிய முன்கண்ணாடி

சூடத்தின் வாசம், அதற்கு மேல் ஊதுபத்தி, அதற்கும் மேல் அப்போதுதான் பூசின சந்தனம்... பின்னாடியே ஒரு சத்தம். தட்டில் கற்கண்டைக் கொட்டின மாதிரி, பொலபொலவென்று.

என் அம்பாசிடரின் முன்கண்ணாடி உதிர்ந்த சத்தம் அது. வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஆயுதபூசை அன்று காலையில்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் போனில் தட்டுகிறாள். ஆனால் ஞாபகத்தில் பிழை கிடையாது. இன்றைக்கு இதைச் சொல்ல வந்ததே வயிற்றெரிச்சலில்தான்.

பதினோரு வருசம் அடுத்தவர் வண்டியை ஓட்டி, அப்புறம் வாங்கின சொந்த வண்டி. வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. முதல் பூசை என்பதால் சிதறுகாய் உடைக்கச் சொல்லி, தேங்காயை என் மச்சான் கையில் கொடுத்தேன். என் சம்சாரத்தின் கூடப்பிறந்த அண்ணன். மரியாதை செய்கிறேனாம்... என் புத்தி.

தள்ளிப்போய் ரோட்டில் உடைங்க மச்சான் என்று சொன்னேன். கேட்கவில்லை. பம்பருக்கு முன்னால் கிடந்த கருங்கல்லில் ஓங்கி அடித்தார். ஓட்டுச் சில்லு ஒன்று எகிறி நேராகக் கண்ணாடியில் போய் விழுந்தது.

மனிதர் தன் கையைப் பார்த்தாரா? இல்லை. வண்டியைப் பார்த்தார்.

"மாப்ள, வண்டிக்கு நேரம் சரியில்ல. பூசையன்னைக்கே கண்ணு போச்சு பாத்தீகளா. இனி இதை வீட்டுல வச்சிருக்கக் கூடாது."

தெருவே தலையாட்டியது. நாளைச் சாயங்காலம் ஒரு பார்ட்டியைக் கூட்டி வருவதாகவும், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றும் சொன்னார். கண்ணாடி உடைந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பார்ட்டி எங்கிருந்து முளைத்தது? இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அதைவிட வலித்தது, என் சம்சாரம் ராக்கு ஒரு வார்த்தை பேசாததுதான். அண்ணன் பேச்சைத் தட்டாதவள். வண்டி போனால் மறுபடியும் யாரோ ஒருவரின் வாசலில் போய் சாவிக்கு நிற்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாதா என்ன...

மறுநாள் காலையில் பழைய உதிரிக்கடையில் ஒரு கண்ணாடியைப் பிடித்து, போர்வையில் சுற்றி, ரிக்சாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சந்து முனையில் ரிக்சாக்காரர் பிரேக் போட்டபோது என் உயிர் என்னிடம் இல்லை.

அந்தக் காலத்துக் கண்ணாடிக்குப் பசை கிடையாது. சுற்றி ரப்பர் பீடிங் போட்டு, அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றைப் பதித்து, முனைகளை வண்டிக்குள் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் அமுக்க, உள்ளே ஒருவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தால், ரப்பர் மடங்கித் தகரத்தைக் கவ்விக்கொள்ளும்.

ரெண்டு ஆள் வேலை. நான் யாரையும் கூப்பிடவில்லை. கோபம்.

ராக்கு அடுப்படியிலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். எதை இழுக்கணும் என்று மட்டும் கேட்டாள்.

பாதி வந்திருக்கும்... சணல் கயிறு அறுந்துபோனது. ரப்பர் சுருண்டுகொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் உள்ளே போனாள். மூன்று பாவாடையின் நாடாவை உருவி ஒன்றாக்கிக் கொண்டு வந்தாள். முடிச்சுப் போடவில்லை; ஊசி நூலால் தட்டையாகத் தைத்திருந்தாள். முடிச்சு ரப்பரில் சிக்கும் என்று நான் சொல்லவே இல்லை, அவளாகத் தெரிந்துகொண்டாள்.

மறுபடியும் முதலிலிருந்து. நான் அமுக்க, அவள் இழுக்க... முக்கால்வாசி ஏறிவிட்ட நேரத்தில் மச்சான் அந்தப் பார்ட்டியோடு வந்து நின்றார்.

"என்ன மாப்ள, எந்தங்கச்சி பாவாடை நாடாவுலயா கார் ஓட்டப் போறீக?"

பார்ட்டி சிரித்தது. ராக்கு இழுப்பதை நிறுத்தவில்லை. வண்டிக்குள் இருந்தபடியே சொன்னாள்.

"அண்ணே, தேங்காயை அடிச்சது உங்க கை. வண்டி என்ன பண்ணுச்சு? குடுக்குறதா இல்ல. காப்பி போடுறேன், வந்தவுகளோட குடிச்சிட்டுப் போங்க."

கடைசி மூலை தொப்பென்று உட்கார்ந்தது. மச்சான் காப்பி குடிக்கவில்லை. அந்த வண்டி எங்களை இருபது வருசம் காப்பாற்றியது.

போன வாரம் மாட்டுத்தாவணிப் பக்கம் லாரியிலிருந்து தெறித்த ஜல்லியில் மகன் காரின் கண்ணாடி விரிசல் விட்டது. கண்ணாடியை வாங்கிட்டு வா, நானும் உங்கம்மாவும் மாட்டுறோம் என்றேன். இது பசை, கேமரா, சென்சார், நீங்க தொடக்கூடாதுப்பா என்றான். சரி, வண்டி மாறிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பார்க்கக்கூடவா கூடாது? நானும் ராக்கும் மகனோடு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். வேலை நடக்கிற இடத்துக்குள் ரெண்டு எட்டு வைத்தேன். டை கட்டின தம்பி, கஸ்டமர் இங்க வரக்கூடாது தாத்தா என்று வெளியே அனுப்பிவிட்டது. ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டது. என்ன எழுதியிருக்கு என்றேன். எல்லாரும் போடுறதுதான் என்றது. படிக்கத் தெரியாத நான் கேட்டேன். படிக்கத் தெரிந்த என் மகன் படிக்காமலே போட்டான்.

ஏசி ரூமில் உட்கார வைத்தார்கள். நடுவில் ஆளுயரக் கண்ணாடித் தடுப்பு. அன்றைக்கு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். இப்போது ரெண்டு பேரும் ஒரே பக்கம். அந்தப் பக்கம் யார் யாரோ கையுறை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வேலையைச் செய்கிறார்கள்.

நான் மறுபடியும் எழுந்தேன். ராக்கு சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா உக்காருங்க. நம்ம வண்டியா அது?"

மகன் வண்டி நம்ம வண்டி இல்லையா என்று வாய் வரைக்கும் வந்தது. உட்கார்ந்துகொண்டேன்.