கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து வந்த மேளம்

தங்கச்சி மகன் என் போனைப் பிடுங்கி நோண்டிக்கொண்டிருந்தான். இடம் நிரம்பிவிட்டதாம். கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறவன், சும்மா இருப்பானா? பாடம் நடத்தினான். அடிக்கடி தேவைப்படுவதை எந்திரம் பக்கத்திலேயே ஒரு சின்ன இடத்தில் வைத்துக்கொள்ளுமாம். அதற்குக் கேஷ் என்று பேராம். கொஞ்சம் தள்ளி அதைவிடப் பெரிய இடம், ரொம்பத் தள்ளி இன்னும் பெரிசு. பக்கத்தில் இருப்பது சட்டென்று கைக்கு வரும். ஆனால் அங்கே கொஞ்சம்தான் கொள்ளும். எதை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறதாம்.

“இம்புட்டுதானா? எட்டாங்கிளாஸ்ல பெயிலான கையோட இந்த வேலைக்குத்தான்டா போனேன்” என்றேன்.

அவன் கண்டுகொள்ளவில்லை. “மாமா, இதுல கெட்டிமேளம்னு ஒண்ணு கெடக்கு. ஒரு தடவகூட நீங்க போடல. தூக்கிரவா?”

கெட்டிமேளம் என்றால் உங்களுக்குச் சந்தன வாசனை வரும். எனக்கு வருவது சூடேறிய ஆம்பிளிபயரின் வாசனை. தூசியும் அரக்கும் சேர்ந்து லேசாகக் கருகுமே, அது.

செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவில் இருந்தது எங்கள் மைக்செட் கடை. அம்புட்டு சத்தத்துக்குள் உட்கார்ந்து நாங்கள் சத்தத்தையே வாடகைக்கு விட்டோம். விசேஷ வீட்டுக்குப் போனால் என் முழங்கால் பக்கத்தில் ஒரு தகரப் பொட்டி இருக்கும். இருபது இருபத்தைந்து ரிக்கார்டுக்கு மேல் அதில் நிற்காது. பந்தலுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டி, அதில் நூறு. மிச்சமெல்லாம் கடைப் பரணில். தகரப் பொட்டியிலிருந்து எடுப்பது கண்மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும். டிரங்குப் பெட்டி வரைக்கும் போய்வந்தால் அதற்குள் இளவட்டங்கள் விசிலடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பரணிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும்.

முதலாளியின் சட்டம் ஒன்றுதான். “மூணு விசேசத்துல சுத்தாத ரிக்கார்டு பரணுக்குப் போகட்டும்டா.” கெட்டிமேள ரிக்கார்டு சுத்தவே சுத்தாது. கல்யாண வீட்டில்தான் நிஜ மேளமே இருக்குமே! அதைப் பரணில் ஏற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு சினிமாக் கதைவசன ரிக்கார்டைச் சொருகினேன். வில்லன் சிரிக்கிற இடத்தில் கிழவிகளெல்லாம் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அருமையான ரிக்கார்டு.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா சின்னக்காளை, வயக்காடு பார்க்கிற சம்சாரி. முதல் நாள் சாயங்காலமே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, “என்ன ரிக்கார்டு வேணும்னாலும் நம்மகிட்ட இருக்கு!” என்று மைக்கில் அளந்துவிட்டேன். அதோடு நிறுத்தினேனா? கண்மாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து. அங்கே மைக்செட் போட்டிருந்தவர் சேது அண்ணன். அவர் கடையும் செல்லூர்தான், எங்களுக்கு ரெண்டு சந்து தள்ளி. “கண்மாய்க்கு அங்கிட்டு யாரோ தகர டப்பாவத் தட்டுறாங்க. தட்டுறதுதான் தட்டுறீங்க, தாளத்தோட தட்டுங்கப்பா!” என்று ஊர் கேட்கச் சொன்னேன்.

விடிந்தது. மேளக்காரர்கள் வந்த பஸ் சமயநல்லூரில் படுத்துவிட்டது. லாரியில் தொற்றி வந்து சேர்ந்தவர் தாளக்காரர் ஒருத்தர்தான், கையில் ஜால்ராவோடு.

சின்னக்காளை என்னிடம் ஓடிவந்தார். “மாப்ள வீட்டு அத்தைமாரு வாயத் தொறக்கத் தயாரா நிக்கிறாக தம்பி. மேளமில்லாத கல்யாணம்னு ஆயுசுக்கும் எம்மகளக் குத்திக் காட்டுவாக. ஒங்கிட்ட மேள ரிக்கார்டு இருக்குல்ல?”

“இருக்குண்ணே” என்றேன். “செல்லூர்ல இருக்கு.”

அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! தகரப் பொட்டியைத் துழாவினேன். வில்லன் சிரிப்புதான் முதலில் அகப்பட்டது. தாலி கட்டும்போது அதையா போட முடியும்? முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் கம்பத்தில் ஏறிக் குழாயைக் கண்மாய்ப் பக்கம் திருப்பினேன்.

“சேது அண்ணே… நான்தான். மேளக்காரங்க வரல. ஒங்ககிட்ட கெட்டிமேள ரிக்கார்டு இருக்கா?”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பொட்டென்று நின்றது. கரகரவென்று குரல் வந்தது. “யாருப்பா அது? தகர டப்பாக்கிட்டயா கேக்குற?”

பந்தலே சிரித்தது. மணமேடையில் பொண்ணுகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது.

“தப்புதாண்ணே! ஒங்க குழாய் தகர டப்பா இல்ல. தங்கக் குழாய்!”

“அப்பிடி வா வழிக்கு. ரிக்கார்டு இருக்கு. இரு மாப்ள, குழாய ஒம்பக்கம் திருப்பிக் கட்டுறேன்.”

பெரியவர் ஒருத்தர் எங்கள் மைக்கில் “கெட்டிமேளம்! கெட்டிமேளம்!” என்றார். அந்தச் சத்தம் தண்ணீரைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும், சேது அண்ணன் ரிக்கார்டில் முள்ளை வைக்க வேண்டும், மேளம் திரும்பி வர வேண்டும். மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். வாய் திறக்கத் தயாராய் நின்ற அத்தைமார்களும் கண்மாய்ப் பக்கம் காதைச் சாய்த்தார்கள். அந்த ஒரு மூச்சு நேரம் ஒரு பிள்ளைகூட அழவில்லை.

வந்தது. நாயனமும் தவிலும் காற்றில் கொஞ்சம் ஆடி, கொஞ்சம் ஈரமாக. எங்கள் தாளக்காரர் பாய்ந்து எழுந்து ஜால்ராவைத் தட்டினார். சின்னக்காளை வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேளம் அடங்கியதும் அந்தப் பக்கக் குரல், “மாப்ள, பந்தியில எனக்கும் ஒரு எல போடச் சொல்லு!” என்றது. சொன்ன மாதிரியே சைக்கிளில் வந்து, சின்னக்காளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

குழாய்களெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. சேது அண்ணன் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூர் போனார். இப்போது கண்மாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவரவர் காதுக்குள் தனித்தனியாகப் பாட்டு ஓடுகிறது.

“மாமா, ஒரு தடவகூடப் போடாதத எதுக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்க? தூக்கிரவா வேணாமா?”

“இருக்கட்டும்டா. இப்பக் குழாயத் திருப்பிக் கேட்டா, எடுத்துப் போட அங்கிட்டு ஆள் இல்ல.”